ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர்

போன வருஷம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
இந்த வருஷம் ஏழாயிரத்து எண்பத்தாறு.
வீடு அதே வீடுதான், விருதம்பட்டில்.
ஒரு செங்கல்கூட வளரவில்லை.

காகிதத்தை எண்ணெய்த் தூக்கில் சாய்த்துவைத்து
தோசை வார்த்துக்கொண்டே படித்தேன்.
மூன்றாவது தோசை கருகிற்று.

இலவச எண்ணில் பத்து நிமிஷம் புல்லாங்குழல்.
பிறகு ஹேமப்பிரபா என்றொரு குரல்:
உங்க வீடு ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர், மேடம்?
எந்த ஆறு, என்றேன்.
கிண்டலுக்கு இல்லை.
பாலாறு எங்களுக்கு மணல்,
பையன்கள் ஸ்டம்பு நடுகிற இடம்,
சீமைக்கருவேலம், பிளாஸ்டிக், காட்பாடிப் பாலத்தின் நிழல்.
நீரில்லாத ஆறு என்று சொல்லித்தான்
வெளியூர்க்காரன் எங்களைச் சிரிப்பான்.

கணினிக்கு அந்தச் சிரிப்பு தெரியாது.
அது ஒரு நவம்பரை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.
ராத்திரி ரெண்டு மணிக்கு
பழைய பட்டாவைத் தேடிக்கொண்டு ஆறு தெருவுக்குள் வந்தது.
பிரிட்ஜ் மிதந்தது.
நான் படமெடுத்து அனுப்பி
அறுபத்தோராயிரம் வாங்கினேன்.
வாங்கினேன், மறுக்கவில்லை.
நீங்க மட்டுமில்லை, மேடம், உங்க பகுதி முழுக்க வாங்கினார்கள்
என்றது குரல்.
காப்பீட்டுக்காரருக்கும் ஒரு காப்பீட்டுக்காரர் உண்டாம்,
கடல் தாண்டி.
அங்கே எந்தக் காடு எரிந்ததோ
அதன் சாம்பலும் என் ரசீதில் விழுகிறது.
சிமெண்ட் ஏறிப்போச்சு, கம்பி ஏறிப்போச்சு.
தசரதன் மேஸ்திரிக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு,
டீ தனி.

எதிர்வீட்டுக் கிஷ்டப்பன் சிரித்தார்.
‘இன்னாக்கா, ஆத்துல தண்ணியே கெடையாது,
வெள்ளத்துக்குப் போயி துட்டு கட்டிகினு கீற.’
அந்த நவம்பரில் அவர் சுவர் பூசிக்கொள்ள
மகளின் நாலு சவரன் சேட்டு கடைக்குப் போனது.
அதை அவர் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

ராத்திரி கண்ணாடியைத் தேடி எடுத்து
பொடி எழுத்தைப் படித்தேன்.
காப்பீட்டுத் தொகை நாற்பத்தெட்டு லட்சம்.
கடன் கொடுத்த நாளில் பேங்க்காரர்
மனை விலையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.
மூன்று சென்ட் மண்ணை எந்த நெருப்பு எரிக்கும்?
எந்த வெள்ளம் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போகும்?
ஆறு வருஷமாக
மண்ணுக்குக் காவல்கூலி கட்டியிருக்கிறேன்.

தசரதன் டேப் பிடித்தார்.
ஆயிரத்து நூறு சதுரடி, திரும்பக் கட்ட இன்றைய விலை
என்று சிமெண்ட் பை ஓரத்தில் பெருக்கினார்.
இருபத்தைந்து லட்சத்துச் சொச்சம்.
இருபத்தாறு போடுங்க, அதற்குக் கீழே வேண்டாம்,
குறைத்துச் சொன்னால் கொடுப்பதும் குறையும்
என்றாள் ஹேமப்பிரபா,
யாரோ பின்னால் நிற்பது போலக் குரலைத் தாழ்த்தி.
நஷ்டத்தில் முதல் இருபதாயிரம் என் பாடு என்றேன்.
இன்னும் கொஞ்சம் இறங்கியது.
நகைக்கான பக்கத்தை அடித்தேன். நகை இல்லை.
வெள்ளத்தை மட்டும் அடிக்கவில்லை.
மீட்டர் போர்டை மார்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டேன் என்றபோது
அதற்குத் தள்ளுபடி கிடையாது, மேடம்.
தெரியும், ஏற்றினது அதற்கில்லை.

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.
படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி.
மேஸ்திரி டேப்பைக் கடன்வாங்கி
ஒரு சாயங்காலம் அளக்கப் போனோம்.
நான் வாசற்படியில் நின்றேன்,
மறுமுனையோடு கிஷ்டப்பன் நடந்தார்.
டேப் தீரத் தீர சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டு
கருவேலம் வரைக்கும் போனார்.
‘இங்கியா ஆறு?’
இன்னும் கொஞ்சம் போய், மணல் ஓரத்தில்,
‘இங்கியா?’
எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தவர்
தன் வீட்டுச் சுவரில், சுண்ணாம்புக்குள்ளிருந்து
மறுபடி கசிந்து நிற்கும் பழுப்புக் கோட்டில்
டேப்பின் முனையை வைத்து
கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு கேட்டார்:
‘அந்தப் பொண்ணு நம்பரு இன்னாக்கா?’