ஒரே வேகம்

மேசைக்கால் தேய்க்கிற மெஷின் இது.
கெங் சூன் தரும்போதே சொன்னான்:
காடிக்கு இல்லை, மரத்துக்கு.
இதுக்கு ஒரே வேகம்.
மெதுவாகப் போக வேண்டுமென்றால்
உன் கைதான் போகணும்.

ஜெலுத்தோங் ஃப்ளாட், பி பிளாக்.
இரவு ஷிஃப்ட் முடிந்து
ஃபேக்டரிச் சட்டைகூட மாற்றாமல் நிற்கிறேன்.
மூன்றாம் மாடி சமையலறை ஜன்னலிலிருந்து
மூன்று வயர் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு
என்னிடம் இறங்கி வருகின்றன.

உப்புத்தாளை உரித்தேன்.
அது ஒட்டியிருந்த சொரசொரப்பில்
ஆட்டுரோமத் தொப்பி ஒன்றை மாட்டினேன்.
பாலிஷ் பசை, மொச்சை அளவு, நான்கு இடத்தில்.
விசையை அழுத்திவிட்டு இறக்கினேன்.
தப்பு.
இறக்கிவிட்டு அழுத்த வேண்டும்.
என் கண்ணாடி, என் காது,
பக்கத்துக் கொடியில்
கக் ரோஹாயாவின் தொழுகைத் துணி
எல்லாவற்றிலும் பாலிஷ்.
துணியை அவள் பார்க்குமுன் அலசிப் போட்டேன்.

பழைய வீரா. வெள்ளி நிறம், வெயில் தின்ற வெள்ளி.
ஞாயிறு பத்து மணிக்கு
சுங்கை பக்காப்பிலிருந்து ஆள் வருகிறது.
"பொம்பளை ஓட்டிய காடி, ஓர் இடியும் இல்லை"
என்று தட்டி அனுப்பியிருந்தேன்.
எனக்கு விற்றபோது
இளஞ்செழியன் அத்தான் சொன்னது அதேதான்,
எழுத்து மாறாமல்.

முதல் கதவைப் பயந்து பயந்து தொட்டேன்.
இரண்டாவதில் பயம் போனது.
பானெட் முடிந்தபோது
பி பிளாக் முழுவதும் தலைகீழாக இறங்கி
அதன்மேல் உட்கார்ந்தது,
கொடித்துணியோடு, தண்ணீர்த்தொட்டியோடு.
நான்கூட இருந்தேன், ஓரத்தில், அழகாக.

பழகியதுதான் வினை.
பின் இடது மூலையில் இருக்கும்போது போன் அடித்தது.
சூப்பர்வைசர். ஓவர்டைம்.
என் கை நின்றது,
மெஷின் நிற்கவில்லை.

முதலில் வாசனை.
பிறகு வெள்ளி போய் வெள்ளை,
வெள்ளை போய் ஒரு ரோஸ்,
பல்செட்டில் ஈறுக்குப் பூசுவார்களே, அந்த ரோஸ்.
உள்ளங்கை அகலம்.
தகரம் இல்லை அது. பட்டி.

லிஃப்ட் கெட்டிருந்தது. மாடி ஏறிப்போய்
ஃப்ரிட்ஜில் கரண்டு பில்லைப் பிடித்திருந்த
கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரியைக் கொண்டுவந்தேன்.
முன்கதவில் வைத்தேன், டப்பென்று ஒட்டியது.
கூரையில் ஒட்டியது.
பின் இடப்பக்கம்
வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் விழுந்தது.
ஸ்ட்ராபெர்ரிக்கு வலு போய்விட்டதோ என்று
மறுபடி வைத்தேன்.
சக்கர வளைவு முதல் பின்விளக்கு வரை
அது நிற்க ஓர் இடம் இல்லை.

ஆறு வருஷம்
மகளை அந்தப் பக்கம்தான் உட்கார வைத்தேன்,
சாலையோரமாக இறங்கட்டும் என்று.

அத்தானைக் கூப்பிட்டேன்.
கொஞ்ச நேரம் இருமினார்.
"எனக்கும் அப்படித்தாம்மா சொன்னாங்க."

டத்தோ கெராமாட் ரோட்டுக் கடையில்
ஸ்ப்ரே டப்பா பதினான்கு வெள்ளி.
வாங்கினேன். குலுக்கினேன்.
உள்ளே அந்தக் குண்டு உருளும் சத்தம்
நன்றாகத்தான் இருந்தது.
மூடியைத் திறக்கவில்லை.

ஞாயிறு. பையன் பெயர் தனேஷ்வரன்,
கூடவே அவன் அம்மா.
அவன் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து
முடியைச் சரிசெய்துகொண்டான்.
அந்தம்மா நேராகப் பின்னால் போனார்.
"இது என்ன ரோஸா?"
நான் ஸ்ட்ராபெர்ரியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.
எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.
வழுக்கியது. பார்த்தார். மறுபடி வைத்தார்.
பிறகு என்னைப் பார்த்தார், சட்டை முதல் செருப்பு வரை.

எழுநூறு குறை என்றார்.
முந்நூறு என்றேன்.
பையன் "மா, ஷைனிங்கைப் பாரு" என்றான்.
ஷைனிங்குக்கா பணம் என்றார் அவர்.
அறுநூற்றில் முடிந்தது.

சாயங்காலம் மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன்.
கெங் சூன் தட்டை மோந்து பார்த்தான்.
"எரிச்சியா?"
"ஒரு இடத்துல."
"மரம்னா தெரியாது," என்றான்,
உப்புத்தாளை மாட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம்.
ஸ்ட்ராபெர்ரி அந்தம்மா கைப்பையில் போய்விட்டது.
கரண்டு பில்
ஃபேன் காற்றுக்கு அறை முழுவதும் அலைகிறது.