பை வைத்த நைட்டி

அறுநூறு வோல்ட்டுக்கு முன்னால் நிற்கையில்
ஒரு கை பையில் இருக்க வேண்டும்.
இரண்டு கையும் உள்ளே போனால்
மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் ஊர்கோலம் போகும்.
அதனால்தான் பெரம்பூர் டெய்லரிடம்
நைட்டிக்கு இடப்பக்கம் ஒரு பை கேட்டேன்.
செல்போனுக்கா என்றார்.
ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

புகார் முதலில் சுவர் வழியாக வந்தது.
பக்கத்து ஃபிளாட் பிலோமினா,
செபமாலை சிடி ஓடும் நேரம்
ஸ்பீக்கரில் என் குரல் புகுந்துவிடுகிறதாம்.
"அருள் நிறைந்த மரியேக்கு நடுவுல
ஓவர், ஓவர்னு யாருங்க?"

இரண்டு 807 குழாய்கள்.
நானே துளை போட்ட அலுமினியத் தட்டில்
அக்காளும் தங்கையுமாய் நிற்கின்றன,
உச்சந்தலையில் ஆளுக்கொரு வயர்.
முன்கட்டத்தைக் கழற்றிவிட்டேன்.
மைக்கும் இல்லை.
சுவிட்சைப் போட்டால்
கொடுக்காத சிக்னலுக்கு மீட்டர் முள் படியேறுகிறது.
மூத்தவளின் தகடு
வெற்றிலை போட்ட வாயாய்ச் சிவக்கிறது.

டெஸ்டரின் நியான் விளக்கைப் பிடுங்கி
பிளாஸ்டிக் ஸ்கேலின் நுனியில் கட்டி
தொடாமல் கிட்டே நீட்டினேன்.
எரிந்தது.
நான் ஏழு மெகாஹெர்ட்ஸில் பேச
அது நூற்றைம்பது பக்கம் எங்கோ
தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்திருக்கிறது,
இத்தனை நாளும், என் மின்கட்டணத்தில்.

ரிச்சி தெருவில் சாதிக் பாய்
வயர் சுற்றிய ரெசிஸ்டரை எடுத்துப் போட்டார்.
"இதுவும் நாப்பத்தேழு ஓம்தானேம்மா."
நாற்பத்தேழுதான் பாய், ஆனால் உள்ளே சுருள்.
ஆடுகிறவளுக்குச் சலங்கை கட்டிவிடவா?
மூன்றாவது கடையில், இழுப்பறையின் அடியில்,
கார்பன். மஞ்சள், ஊதா, கறுப்புக் கோடு.
விலை சொல்லத் தெரியாமல் பத்து ரூபாய் என்றான் பையன்.
இரண்டு வாங்கினேன்.

அவற்றின் மேல் மூன்று சுற்று செம்புக் கம்பி.
உச்சந்தலைக்கும் வயருக்கும் நடுவே பற்றவைத்தேன்.
நியான் அணைந்தது.
முள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
மணி இரண்டு.
லோகோ பக்கம் ஒரு என்ஜின் பெட்டிகளை இடித்துச் சேர்த்தது.

நான்கு நாள் கழித்து பிலோமினா கதவைத் தட்டினாள்.
"ஸ்பீக்கர் சுத்தமாயிருச்சு," என்றாள்.
போகவில்லை.
செருப்பில் ஒரு கால், வெளியே ஒரு கால்.
"அந்த அந்தமான்காரர்...
பொண்ணுக்கு டைபாய்டுன்னு பேசினீங்களே.
இறங்கிருச்சா?"

என் பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறாள்.
எத்தனை டிகிரி,
கஞ்சி குடுங்க,
பயப்படாதீங்க அற்புதராஜ், ஓவர்.
அவர் பாதியை
அடுப்படியில் தானே இட்டு நிரப்பியிருக்கிறாள்.
நானோ பதினைந்து நாளாய்
ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன்.
அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"உள்ளே வாங்க," என்றேன்.
பேட்டரி டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.
இழைகள் சூடாக ஒரு நிமிடம் ஆகும்.
மேல்மூடி இன்னும் மாட்டவில்லை.
வலது கை குமிழைத் திருப்பப் போனது,
இடது கை தானாகப் பைக்குள் போனது.

"கையில ஏதாச்சும் அடியா?" என்றாள்.