எழுத்துகள் மீதம்: 200

மணி பதினொன்றே கால்.
ஹெட் ஆபீஸ் படிவத்தில் கடைசிக் கட்டம்:
மேலாளராக உங்கள் வளர்ச்சிக்கு என்ன தேவை?
இருநூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

ஜன்னலுக்கு வெளியே மணலி எரிகிறது, வழக்கம்போல,
ஒரே ஒரு புகைபோக்கியின் நுனியில்.
எம்.எஃப்.எல். சிக்னல் வரை
ட்ரெய்லர்கள் வால் நீட்டிக் கிடக்கின்றன.
நாற்பது பெட்டி இன்னும் உள்ளே வரவில்லை.
ஏன் என்று மூன்று குரூப்பில் மூன்று பேர்.
ரோட்டுக்கும் நான்தான் மேனேஜர் போல.

போன மாதம் கிண்டியில், ஓட்டலில், பயிற்சி.
வந்தவர் ஒரு முக்கோணம் வரைந்தார்.
"காது கொடுத்துக் கேளுங்கள்" என்றார்.
ஏசி கூடச் சத்தம் போடாத அறை.
ரீச் ஸ்டாக்கர் ரிவர்ஸ் வருகையில்
எங்கள் யார்டில் காது கொடுத்தால்
காதுதான் போகும்.

இன்று சாயங்காலம் தசரதன் ஊதினான்.
கருவியில் சிவப்பு.
பில்லிங்கில் நான் இருந்த ஆறு வருஷமும்
தன் டப்பாவில் இருந்த கடம்பாவை
என் மூடியில் தள்ளிவிட்டவன்.
"இன்னொரு தபா ஊதட்டா, மேடம்?"
பொங்கல் வரைக்கும் ரெஜினா என்றுதான் கூப்பிட்டான்.
மூன்று நாள் சஸ்பென்ஷன் என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கட்டத்தில் தட்டினேன்:
அவனை வெளியே அனுப்பிவிட்டு
அதே மேஜையில் எப்படிச் சாப்பிடுவது என
யாராவது சொல்லித் தரவும்.
அழித்தேன்.
மேலிடத்திடம் 'முடியாது' என்பதை
எந்த ஸ்லைடில் போட்டிருக்கிறீர்கள்?
அழித்தேன்.
ராத்திரி போன் அடித்தால் வயிறு ஏன்
மீதம் 179. அதையும் அழித்தேன்.

கேட்டிலிருந்து சம்சுதீன் கூப்பிட்டார்:
"தசரதன் இங்கதான் குந்திகினு கீறாரு மேடம்.
பைக் சாவி உங்ககிட்டயாம்."

பார்த்தேன். மிஷின் சாவி, பைக் சாவி,
ஒரே வளையம், நடுவில் நெளிந்த அந்தோணியார்.
பிடுங்கும்போது இரண்டையும் பிடுங்கியிருக்கிறேன்.

'எக்ஸெல், உயர்நிலைப் பயிற்சி' என்று தட்டி
அனுப்பிவிட்டு
என் ஸ்கூட்டியை எடுத்தேன்.
பின்னால் உட்கார்ந்தான், எட்டி,
கம்பியைப் பிடித்துக்கொண்டு.
எர்ணாவூர் வரைக்கும் இரண்டு பக்கமும் டயர்கள்,
எங்கள் தலைக்கு மேலே பெட்டிகள்.
சாரி என்று யார் சொல்வது எனத் தெரியவில்லை.

"லெப்ட்ல பள்ளம் கீது" என்றான்.
வளைத்தேன்.