சுமை 412 / 300

நீ அளவுக்கு மீறிச் சுமக்கிறாய், ஓட முடியாது
என்கிறது திரை.
நடக்கிறேன்.
கல்யாண வீட்டு அண்டாவைத் தனியாளாய்த் தூக்கியவன் போலப்
பனிச்சரிவில் ஒரு மாவீரன்
அடி மேல் அடி வைக்கிறான்.
துரத்தி வந்த ஓநாய்
அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

எட்மன்டன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நூற்றுப் பதினெட்டாம் அவென்யூவில் நிலவறை வீடு,
ஜன்னலில் பாதிவரை பனி.
ஹார்டுவேர் கடையில் இரவெல்லாம் ஆணி எண்ணிவிட்டு வந்து
பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு
ஓநாய்ப் பல் எண்ணுகிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

எதற்குடா இத்தனை பல், என்றான் நச்சி.
முழுப்பெயர் நச்சினார்க்கினியன்,
வாடகையில் பாதி அவனுடையது.
ஒருநாள் தேவைப்படும் என்றேன்.
அந்த ஒருநாள் என்ன கிழமை என்றான்.

கொல்லுத் தொழில் கற்றேன், திரைக்குள்.
இரும்புக் கட்டி ஒன்று, தோல்வார் ஒன்று: குறுவாள் ஒன்று.
நூற்று நாற்பது அடித்தபின்
'தேர்ந்த கொல்லன்' என்று மணியடித்தது.
அன்று மாலையே ஒரு திருடனின் பிணத்தருகில்
அதைவிட நல்ல வாள் சும்மா கிடந்தது.
பதினேழாவது குறுவாளோடு
வியாபாரிக்குக் காசு தீர்ந்தது.
இன்று வெயில் பரவாயில்லை
என்று பேச்சை மாற்றினான்.

மேஜை இழுப்பறையில் இன்னொரு செய்முறை:
பொறியியல் பட்டம் ஒன்று,
மொழித்தேர்வு மதிப்பெண் ஒன்று, இரண்டாண்டில் காலாவதி,
முத்திரை குத்திய நகல் நான்கு,
கனடா அனுபவம் ஓராண்டு.
கடைசிப் பொருள் எந்தக் குகையில் என்று
எந்த வரைபடத்திலும் குறி இல்லை.
இருந்ததைப் போட்டுக் கலக்கினேன்.
சிவப்பு மேலங்கி ஒன்று வந்தது,
முதுகில் கடையின் பெயரோடு.

குணமாக்கும் மருந்து தொண்ணூற்று நான்கு குப்பி.
பெரிய சண்டைக்கு என்று பொத்திப் பொத்தி வைத்தவை.
டிராகன் வந்தது.
தொண்ணூற்று நான்கும் இடுப்பில் கிணுகிணுக்க
மூன்று முறை எரிந்து செத்தேன்.
நான்காம் முறை டிராகனே
ஒரு பாறை இடுக்கில் வால் சிக்கி நின்றது.
வென்றேன்.
மருந்து அப்படியே.
விருந்தாளிகளுக்கென்று வாங்கிய ஆறு கண்ணாடிக் கோப்பைகளும்
ஒட்டிய விலைச்சீட்டோடு அலமாரியில் அப்படியே.

பிப்ரவரியில் நச்சிக்கு ஃபோர்ட் மெக்மரேயில் வேலை.
ஒரு பை, ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான் அவன்.
விடியற்காலைப் பேருந்து.
நான் வேலை முடிந்து வருவதற்குள் போய்விட்டான்.

விளையாட்டைத் திறந்தேன்.
சுமை 11 / 300.

விற்றுத் தள்ளியிருக்கிறான்.
ஏழு ஊர் அலைந்து,
ஒவ்வொரு வியாபாரிக்கும் காசு திரும்ப ஊறும்வரை
காத்துக் காத்து,
ராத்திரி முழுக்க.
நான் ஆணி எண்ணிக்கொண்டிருந்த அதே ராத்திரி.
பல் இல்லை. மான்தோல் இல்லை.
எதற்கென்றே தெரியாமல் சேர்த்த நீலக் காளான் இல்லை.
பாவி, என்று கத்தினேன்.
மேல்வீட்டுக் குழாய் டொக்கென்றது.

விட்டுவைத்தது இரண்டு:
ஒரு குப்பி, ஒரு குறுவாள்.
பட்டறையில் ஆயுதத்துக்குப் பெயர் சூட்டலாம்,
நான் ஒருமுறையும் சூட்டியதில்லை.
ஆங்கில எழுத்தில், ஓர் எழுத்துப் பிழையோடு,
அவன் சூட்டியிருந்த பெயர்
வியாழக்கிழமை.

கைப்பேசியில் பார்த்தேன்.
ஆமாம்.

ஓடினேன்.
இந்த மலையில் ஓடலாம் என்றே மறந்திருந்தேன்.
பனி தெறிக்க, பாலம் அதிர, அடிவாரம் வரை,
காயம் எதுவும் இல்லாமலே
குப்பியைத் திறந்து குடித்தேன்.
ஒரு பச்சை ஒளி, ஒரு பெருமூச்சு, முடிந்தது.
நிஜ அலமாரியிலிருந்தும் ஒரு கோப்பை எடுத்து
விலைச்சீட்டைச் சுரண்டித் தண்ணீர் குடித்தேன்.
பசை இன்னும் விரலில்.

திரும்பி வந்தால்,
பாதையோரம் யாரோ போட்டுவிட்டுப் போன
முட்டைக்கோஸ்.
எடை ஒன்று. விலை இரண்டு.
எடுக்கவா என்கிறது திரை.
பின்னால் ஓநாய்,
இந்தமுறை அலுக்காமல்.