மைனஸ் நாற்பது, ஆரம்பாக்கம்

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
தடா பக்கமிருந்து வரும் காற்றில்
ஏரியின் உப்பும் உருட்டாலையின் கரியும்
பாதிக்குப் பாதி.
உள்ளே, தெர்மாகோல் பெட்டியில்,
ஆல்கஹாலும் உலர்பனியும் புகைய
மூன்று எஃகுத் துண்டுகள்
மைனஸ் நாற்பதில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

சுண்டுவிரல் நீளம்.
நடுவில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு.
நாங்களே போட்டது.
காயமே படாத இரும்பு எந்த ஊரிலும் கிடையாது;
காயத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும்
எவ்வளவு தாங்குவாய் என்று.

நிக்கல், குரோமியம், கைப்பிடி மாலிப்டினம்.
தொள்ளாயிரத்தில் சிவக்கக் காய்ச்சி
தண்ணீரில் முக்கி
விறைத்துப்போனதை
அறுநூறில் மறுபடி வாட்டி இளக்கிய தகடு.
இழுவைப் பொறியில் நேற்று
எண்ணூற்றைம்பது மெகாபாஸ்கல் வரை முனகவில்லை.
"இது போதாதா தேசம்மா?" என்றார் ஜோதிநாதன்.
போதாது சார்.
இழுத்தால் தாங்குவது வேறு,
அடித்தால் தாங்குவது வேறு.
அதுவும் குளிரில்.

எங்கோ பனி பெய்யும் ஓர் ஆற்றின் மேல்
பாலமாகப் போகிறதாம் இது.
நான் பனிக்கட்டி பார்த்ததெல்லாம்
பழவேற்காட்டு மீன் பெட்டிகளில்.

இடுக்கியால் எடுத்து, மேடையில் வைத்து,
சுத்தியலை விட
ஐந்து நொடி. அதற்குமேல் போனால்
நம்மூர் வெயில் அதற்குள் ஏறிவிடும்.

முதல் அடி. ம்ம் என்றது.
முழுசாக ஒடியாமல், ஒரு பக்கம் தோல் ஒட்டிக்கொண்டு
வளைந்து கிடந்தது. அறுபத்தொன்று ஜூல்.
இரண்டாவது, ஐம்பத்தெட்டு.
மூன்றாவதுக்குச் சத்தமே வேறு:
சிமெண்டுத் தரையில் கண்ணாடி வளையல்.
ஒரு பாதி பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது.
முள் பதினேழில் நின்றது.

ஜோதிநாதன் கால்குலேட்டரைத் தட்டினார்.
"சராசரி நாற்பத்தைந்து. கேட்டது நாற்பது.
எழுதிடும்மா."
தனித்தனியே எதுவும்
இருபத்தெட்டுக்குக் கீழே போகக் கூடாதென்ற வரி
அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது.
அதன்மேல் டீ கிளாஸை நகர்த்தி வைத்தார்.

லென்ஸில் பார்த்தேன்.
முதல் இரண்டும் மங்கிய சாம்பல்,
பிய்த்த பனங்கொட்டை நார்.
மூன்றாவது மினுங்குகிறது,
உப்பளத்தில் காலை பத்து மணிக்கு மினுங்குவதுபோல.
எவ்வளவு அழகு!
அழகாக உடைந்தால்
அது எச்சரிக்காமல் உடைந்தது என்று அர்த்தம்.

பாலத்தில் லாரி ஏறும்போது
மூன்று இடங்களையும் கூட்டி வகுத்துவிட்டா ஏறும்?
இதைச் சத்தமாகச் சொல்லவில்லை.
பதினேழு என்று மட்டும் எழுதினேன்.
பேனா மக்கர் பண்ணியது; அழுத்தி, இரண்டு முறை.
அவர் ஏசியைப் பார்த்தபடி
"மறுபடி வாட்டணும், நாலு நாள்" என்றார்.
யாரிடம் சொன்னாரோ.

கேட்டில், நேற்று மாலையிலிருந்து லோடுக்காக
ஒபுலேசு.
சூளூர்ப்பேட்டை லாரி, வெல்டு வைத்த பட்டை ஸ்பிரிங்.
"ஏமைந்தம்மா, உடஞ்சுபோச்சா?"
எல்லாமே உடையும் அண்ணா, இங்கே உடைக்கத்தான் சம்பளம்.
ஒண்ணு சரியா உடையல.
அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.
நாலு நாள் வாடகை போனது மட்டும் புரிந்தது.
துண்டை உதறி
லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்,
அந்த ஸ்பிரிங்குக்கு நேர் கீழே.

பீரோவுக்கு அடியிலிருந்த பாதியை
விளக்குமாற்றால் தள்ளி எடுத்தேன்.
உறைபனி உருகி
மேலெல்லாம் வியர்த்திருந்தது.
இப்போது அதற்கும் நாற்பத்திரண்டு டிகிரி.