ஏழாம் அறைப் படம்

உப்புவெளி ஹோட்டலில்
ஏழாம் அறைக் கட்டிலுக்கு மேலே
ஒரு பள்ளிவாசல் தொங்குகிறது.
எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்ததன் அச்சு.
கண்ணாடிக்குள் கடற்காற்று புகுந்து
ஓரமெல்லாம் பூத்துவிட்டது.

கிழமையில் ஆறு நாள்
கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து
அதைத் துடைக்கிறேன் நான்.

தூண்களை எண்ணித்தான் வரைந்திருக்கிறார்.
நீலத்தில் கஞ்சத்தனம் இல்லை.
ஆனால் சஃப் கோணல்,
இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆடு நுழையலாம்.
ஒருவர் ருகூவில், பக்கத்தவர் ஸுஜூதில்,
மூன்றாமவர் முகட்டைப் பார்த்தபடி.
எந்த இமாமின் பின்னால் தொழுகிறார்கள் இவர்கள்?
போதாததற்குப் புறாக்கள் வேறு.

போன மாதம் அங்கே தங்கிய பெண், பெல்ஜியமாம்,
தலையணை உறையோடு நின்ற என்னை மறித்து
உங்கள் ஊரிலும் இப்படித்தானா என்றாள்.
மின்விசிறியைக் காணோம் என்றேன்.
சிரித்தாள்.
ஜன்னலைக் காட்டினேன்:
நாங்கள் கடலுக்கு முதுகு கொடுத்துத்தான் நிற்போம்.
கடல் ஊருக்குள் வந்த வருசத்துக்குப் பிறகு
அது லேசுப்பட்ட காரியமில்லை என்று சொல்ல
என் இங்கிலீசு போதவில்லை.

அவள் போன பின்
விரிப்பு மாற்றக் கட்டிலில் முழங்கால் ஊன்றினேன்.
தலையணைகள் மறைக்கும் கீழ் மூலையில்
ஒரு பாதம்.
ஸுஜூதில் மடங்கிய யாரோ ஒருவருடையது.
குதிகால் வெடிப்பில் சுண்ணாம்புத் தூள்.
இதை மனதிலிருந்து வரைய ஏலாது.

அப்படியென்றால் எங்கே இருந்திருப்பார் அந்த மனிதர்?
பின்னால்,
செருப்புக் கழற்றுமிடத்தில்,
ஒருவரும் திரும்பிப் பாராத வாசலோரம்.

நோன்பு மாதத்துத் தராவீஹில் என் இடம் அதுதான்.
திரைத் துணியில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று உண்டு.
ஸலாம் கொடுத்த பின் குனிந்தால்
எனக்கும் பள்ளிவாசல் என்பது
வரிசையாய்க் குதிகால்கள்.

அவருக்குப் பெயர்கள் தெரியாது.
எனக்குத் தெரியும்:
வெடிப்பில் தார் ஏறியது தோணிக்கார முஸாதிக்.
சின்னவிரல் இல்லாதது மிதிவெடிக்குத் தப்பிய ஜவ்சி.
நகம் கறுத்தது என் வாப்பா,
பக்கத்தில் இப்போது வேறு யாரோவின் கால்.

இத்தனை நாளும்
இந்தப் படத்தில் பெண்ணே இல்லையென்று நினைத்திருந்தேன்.

அசருக்கு வாங்கு சொன்னது.
துணி அடுக்கும் அறைக் கதவைச் சாத்தி
சலவை விரிப்பொன்றை உதறிப் போட்டேன்.
குதிகால்களுக்குப் பின்னால்
கடல் மட்டும்.