மட்டம்

சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு முடித்தபோது
வீடு தரையில் படுத்துக் கிடந்தது.
குண்டு உப்பலவாடி, மூன்று சென்ட் மனை,
பெண்ணையாறு கடலுக்குத் திரும்பும் பக்கம்.
ஒரு விரல் உயரம்கூட இல்லாத சுவர்கள்.
ஆனாலும் வேம்பு
வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தாள்.
அடுப்படியில் நின்று
இல்லாத ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.
நாய் மட்டும் சுவரைத் தாண்டிப் போனது.

என் கணினியில் இந்த வீடு எப்போதோ கட்டி முடிந்துவிட்டது.
மூன்று படி, பக்கத்தில் செம்பருத்தி.
நான் வரையும் எல்லா வீட்டிலும்
படியருகே சாய்வாக ஒரு வெயில் துண்டு விழும்.
என் கற்பனை என்றுதான் நினைத்திருந்தேன்.
மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் படித்த மாடியின் வெயில் அது
என்று தெரிய
பதினோரு வீடுகள் ஆயின.

"அந்த நவம்பர்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

தனக்கோட்டி முழங்காலைத் தொட்டார்.
"இவ்ளோதாம்மா. சனங்க பெருசாச் சொல்லும்."
ரேஷன் அட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு
தெருவைக் கடந்ததையும் அவரேதான் சொன்னார்.

வேம்பு நெஞ்சில் கை வைத்தாள்.
வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

தென்னவன், பத்தாம் வகுப்பு,
ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்
கழுத்தைத் தொட்டான்.
"இங்க."

"டேய், அப்ப நீ இத்துனூண்டு" என்று சிரித்தார் அப்பா.
ஆறு வயது. அவர் இடுப்பளவு இருந்திருப்பான்.
அவன் வளர்ந்தான்.
தண்ணீரும் கூடவே வளர்ந்து
கழுத்திலேயே நிற்கிறது.

எதிர்வீட்டுச் சுவரில் கறை இருந்ததாம்.
கல்யாணத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.
மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பார்த்தேன்.
இடுப்புக்கு மேலே எங்கோ வந்தது,
யாருமே நின்றிராத ஓர் உயரம்.

"புள்ள கழுத்துக்கே வைம்மா" என்றாள் வேம்பு.
"கிரில் கேட்டு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."
தனக்கோட்டி கிராவல் லோடுகளை விரல்விட்டு எண்ணி
பாதியில் நிறுத்தினார்.
நாலே முக்கால் அடி.
என் மூன்று படி ஏழானது.
செம்பருத்தி போயிற்று.
வெயில் எங்கே விழும், இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

மேஸ்திரி ஞானப்பிரகாசம் லெவல் ட்யூபில் குடத்து நீரை ஊற்றி
ஒரு முனையை
ஈசானிய மூலைச் சவுக்குக் கழியில் பிடித்தார்.
மறுமுனை தென்னவனின் கழுத்தருகே.
நீர் ஏறியது, இறங்கியது,
தொண்டைக்குழிக்கு நேரே வந்து தயங்கியது.
"ஆடாத தம்பி."
ஃபோனைப் பையில் போட்டான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
கழியில் பென்சில் கோடு விழுந்த பிறகும்.